ஓட்டுப் போட்டுவிட்டு கூகுளில் தேடினார்களா..? பிரெக்ஸிட் முடிவுக்கு மறுநாள் பிரிட்டன் மக்கள் உண்மையில் என்ன சொன்னார்கள்?

"ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியே போறோம்னு ஓட்டுப் போட்டுட்டு, மறுநாள் காலையில 'ஐரோப்பிய யூனியன்னா என்ன?'னு கூகுள்ல தேடினவங்கதான் பிரிட்டன்காரங்க!"

இந்த ஜோக்கை நீங்களும் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். இல்லையென்றால், தேர்தல் நேரத்தில் டீக்கடையில் யாராவது சொல்லியிருப்பார்கள். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது என் சித்தப்பா சொல்லி, வீடே சிரித்தது. அது நிஜமா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

இப்போது என் வேலையே அதுதான். ஏதாவது பெரிய செய்தி வந்தால், "மக்கள் ரியாக்‌ஷன் எடும்மா" என்று டெஸ்க்கில் சொல்வார்கள். நாலு ட்வீட், இரண்டு மீம், ஒரு வீடியோ. 'கொந்தளிக்கும் நெட்டிசன்கள்' என்று தலைப்பு. பத்து நிமிடத்தில் செய்தி ரெடி. ஆனால், அந்த நாலு பேர்தான் மக்களா? இந்தக் கேள்வி கொஞ்ச நாளாகவே உறுத்திக்கொண்டிருந்தது. அதனால்தான், இந்தத் தலைமுறை பார்த்ததிலேயே மிகப்பெரிய 'மக்கள் ரியாக்‌ஷன்' எது என்று யோசித்து, 2016-க்குத் திரும்பிப் போனேன்.

கேள்வி ஒன்றுதான்!

2016 ஜூன் 23, வியாழக்கிழமை. பிரிட்டன் முழுக்க வாக்குச்சாவடிகள். வேட்பாளர் இல்லை, சின்னம் இல்லை. வாக்குச்சீட்டில் இருந்தது ஒரே ஒரு கேள்வி. பிரிட்டன் ஐரோப்பிய யூனியனில் நீடிக்க வேண்டுமா, வெளியேற வேண்டுமா?

ஐரோப்பிய யூனியன் என்பது அப்போது 28 நாடுகள் சேர்ந்த கூட்டமைப்பு. உறுப்பு நாட்டுக்காரர் எந்த உறுப்பு நாட்டிலும் விசா இல்லாமல் போய் வாழலாம், வேலை பார்க்கலாம், படிக்கலாம். சரக்குக்குச் சுங்க வரி கிடையாது. பதிலுக்கு, பல சட்டங்களைப் பொதுவாகச் சேர்ந்துதான் போட வேண்டும். எல்லோரும் பணம் கட்ட வேண்டும். பிரிட்டன் இதில் 1973-ல் சேர்ந்தது (அப்போது அதற்குப் பெயர் வேறு). 1975-ல் ஒருமுறை 'இருக்கலாமா?' என்று மக்களிடம் கேட்டார்கள். 67 சதவிகிதம் பேர் 'இருக்கலாம்' என்றார்கள். 41 வருடங்கள் கழித்து மறுபடியும் அதே கேள்வி.

முடிவு: வெளியேறச் சொன்னவர்கள் 1,74,10,742 பேர். நீடிக்கச் சொன்னவர்கள் 1,61,41,241 பேர். சதவிகிதத்தில் 51.9-க்கு 48.1.

அதிகாலை 4.40 மணிக்கு பி.பி.சி-யில் டேவிட் டிம்பிள்பி இதை அறிவித்தபோது நமக்கு வெள்ளிக்கிழமை காலை 9.10. மும்பைப் பங்குச்சந்தை அப்போதுதான் திறக்கிற நேரம். அன்று சென்செக்ஸ் ஒரு கட்டத்தில் 1,000 புள்ளிகளுக்கு மேல் விழுந்து, கடைசியில் சுமார் 605 புள்ளிகள் இழப்பில் முடிந்தது. ஜாகுவார் லேண்ட்ரோவர் கார் கம்பெனியை அப்போது கையில் வைத்திருந்த டாடா மோட்டார்ஸ் பங்குக்கும் பலத்த அடி. இரவில் ஒரு பவுண்டுக்கு 1.50 டாலர் என்று இருந்தது, விடிவதற்குள் 1.33-க்கும் கீழே போனது. 1985-க்குப் பிறகு அவ்வளவு கீழே போனதே இல்லை.

காலை 8 மணி தாண்டியதும் பிரதமர் டேவிட் கேமரூன் வீட்டு வாசலுக்கு வந்து, பதவி விலகப்போவதாகச் சொன்னார். வாக்கெடுப்பை அறிவித்ததும் அவர்தான், நீடிக்க வேண்டும் என்று பிரசாரம் செய்ததும் அவர்தான்.

அந்த கூகுள் கதை

அன்று மதியத்துக்குள் உலகம் முழுக்கப் பரவியது அந்தச் செய்தி. கூகுள் ட்ரெண்ட்ஸ் ட்விட்டர் பக்கத்தில் ஒரு தகவல் போட்டார்கள். முடிவு வந்த பிறகு ஐரோப்பிய யூனியன் பற்றி பிரிட்டனில் தேடப்பட்ட கேள்விகளில் இரண்டாம் இடத்தில் இருப்பது, 'ஐரோப்பிய யூனியன் என்றால் என்ன?'

அவ்வளவுதான். 'எதற்கு ஓட்டுப் போட்டோம் என்றே தெரியாத மக்கள்' என்று அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை தலைப்புகள் பறந்தன.

இதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. என் வேலையில் தினமும் அந்தக் கருவியோடு மல்லுக்கட்டுவதால் இது தெரியும். எத்தனை பேர் தேடினார்கள் என்ற எண்ணிக்கையை கூகுள் ட்ரெண்ட்ஸ் காட்டாது. வழக்கத்தைவிட எத்தனை மடங்கு ஏறியிருக்கிறது என்பதைத்தான் காட்டும். தினமும் 10 பேர் தேடுகிற ஒன்றை ஒருநாள் 40 பேர் தேடினால், கோடு ஜிவ்வென்று மேலே போகும். அதைப் பார்த்து 'நாடே தேடுகிறது' என்று எழுதிவிடலாம்! தேடியவர் ஓட்டுப் போட்டவரா, போடாதவரா, வீட்டுப்பாடம் எழுதுகிற பள்ளி மாணவரா என்பதும் அதில் தெரியாது. 'எந்தக் கட்சியை விட்டு எப்படிப் போகப் போகிறோம்' என்று விவரம் தெரிந்துகொள்ளத் தேடியவர்களும் அதே கணக்கில்தான் வருவார்கள். வாக்களித்தவர்கள் 3.35 கோடிக்கும் மேல். அதில் எத்தனை பேர் தேடினார்கள் என்பதற்கு அந்த ட்வீட்டில் எந்தப் பதிலும் இல்லை.

ஆனால், சிரிப்பதற்கு அது வசதியாக இருந்தது. 'முட்டாள்கள் ஓட்டுப் போட்டுவிட்டார்கள்' என்று ஒரு வரியில் கதையை முடித்துவிடலாம் இல்லையா?

41 லட்சம் கையெழுத்து... ஆரம்பித்தது யார் தெரியுமா?

அடுத்த பெரிய ரியாக்‌ஷன், ஆன்லைன் மனு. பிரிட்டன் நாடாளுமன்ற இணையதளத்தில் பிரிட்டன் குடிமக்களும் அங்கே வசிப்பவர்களும் கோரிக்கை மனு தொடங்கலாம். ஒரு லட்சம் கையெழுத்து சேர்ந்தால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்வது பற்றிப் பரிசீலிப்பார்கள். 'ஜெயித்த தரப்பு 60 சதவிகிதத்துக்குக் கீழே, வாக்குப்பதிவு 75 சதவிகிதத்துக்குக் கீழே என்றால் இன்னொரு வாக்கெடுப்பு நடத்த வேண்டும்' என்றது ஒரு மனு. வாக்குப்பதிவு 72.2 சதவிகிதம். இரண்டு நிபந்தனையும் கச்சிதமாகப் பொருந்தின. கூட்டம் தாங்காமல் இணையதளமே திணறியது. கடைசியில் 41 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மனுவை ஆரம்பித்தவர் 'வெளியேற வேண்டும்' என்ற கட்சிக்காரர்! வாக்கெடுப்புக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, 'எப்படியும் நாம் தோற்றுவிடுவோம், அப்போது இன்னொரு வாய்ப்பு கேட்கலாம்' என்ற கணக்கில் போட்டு வைத்தது. அதுவரை சொற்பக் கையெழுத்துகளோடு தூங்கிக்கொண்டிருந்தது. அவர் தரப்பு ஜெயித்ததும், தோற்றவர்கள் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மனுஷர் நொந்துபோனார்.

இன்னொரு கூத்தும் உண்டு. ஆயிரம் பேருக்கும் குறைவாக வசிக்கிற வாடிகன் நகரத்திலிருந்து மட்டும் 39,000 கையெழுத்துகள் விழுந்திருந்தன. இப்படிப்பட்ட போலிகளாக சுமார் 77,000 கையெழுத்துகளை நாடாளுமன்றக் குழு நீக்கியது. அதைக் கழித்தாலும் மீதி மிகப்பெரிய எண்ணிக்கைதான். ஆனால், எங்கிருந்து வந்தன என்ற வரைபடத்தைப் பார்த்தால் லண்டன், கேம்ப்ரிட்ஜ், பிரைட்டன் போன்ற ஊர்கள்தான் அடர்த்தியாகத் தெரிகின்றன. அங்கெல்லாம் முதல்நாளே 'நீடிக்க வேண்டும்' என்று ஓட்டுப் போட்டவர்கள்தான் அதிகம். அதாவது, மனம் மாறியவர்களின் கையெழுத்து என்பதைவிட, தோற்றவர்களின் கையெழுத்து என்பதுதான் பொருத்தம். செப்டம்பர் 5-ம் தேதி நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. இரண்டாவது வாக்கெடுப்பு கிடையாது என்று அரசு சொல்லிவிட்டது.

லண்டனைத் தனிநாடாக அறிவிக்கச் சொல்லி மேயர் சாதிக் கானுக்கு ஒரு மனு போனது. அதிலும் லட்சத்துக்கு மேல் கையெழுத்து. பாதி கிண்டல், பாதி அழுகை!

சத்தம் போடாத 1.74 கோடி

இத்தனை ரியாக்‌ஷன்களையும் படித்துவிட்டு ஒரு நிமிடம் யோசித்தால் ஒன்று உறைக்கிறது. ஜெயித்தவர்கள் எங்கே? நைஜல் ஃபராஜ் அதிகாலையில் 'இது நம் சுதந்திர தினம்' என்று பேசிய வீடியோ இருக்கிறது. அவர் தலைவர். ஓட்டுப் போட்ட 1.74 கோடி பேர்? இணையத்தில் அவர்கள் குரல் மிகவும் மெல்லியதாகவே கேட்கிறது.

அவர்களைப் பார்க்க சண்டர்லேண்டுக்குப் போக வேண்டும். வடகிழக்கு இங்கிலாந்தில் கடலோரத் தொழில் நகரம். ஓட்டு எண்ணுவதில் சூரர்கள். பொதுத்தேர்தல்களில் முதல் முடிவை அறிவிப்பதில் அவ்வளவு பெருமை அவர்களுக்கு. அன்றைக்கும் நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில் அறிவித்தார்கள். 61.3 சதவிகிதம் 'வெளியேறு'. அரங்கத்தில் ஆர்ப்பரித்தார்கள். பவுண்டு சரியத் தொடங்கியதே அந்த நிமிடத்தில்தான்.

உலகமே ஆச்சர்யப்பட்டது. ஏனென்றால், அந்த ஊரின் பெரிய முதலாளி ஜப்பானின் நிசான். அங்கே தயாராகும் கார்களில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குத்தான் போகிறது. அப்போது சுமார் 7,000 பேருக்கு நேரடி வேலை. 'சோறு போடுகிற கைக்கு எதிராக ஓட்டா?' என்று கேட்டார்கள்.

அந்த ஊரின் பழைய கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சண்டர்லேண்ட் ஒரு காலத்தில் உலகுக்கே கப்பல் கட்டிக் கொடுத்த ஊர். கடைசிக் கப்பல் கட்டும் தளம் 1988-ல் மூடப்பட்டது. நிலக்கரிச் சுரங்கம் 1993-ல் மூடப்பட்டது. சுரங்கம் இருந்த இடத்தில் இப்போது கால்பந்து மைதானம். தாத்தாவும் அப்பாவும் சீருடையோடு வேலைக்குப் போன ஊரில், பிள்ளைக்கு வேலை நிரந்தரமில்லை. 25 வருடங்களாக 'பொருளாதாரம் வளர்கிறது' என்று டி.வி-யில் சொல்கிறார்கள், தெருவில் கடைகள் மூடிக்கொண்டே போகின்றன. அப்படிப்பட்டவரிடம் போய், 'வெளியேறினால் பொருளாதாரம் விழுந்துவிடும்' என்றால் என்ன தோன்றும்? 'யாருடைய பொருளாதாரம்?' என்றுதானே தோன்றும்.

வேல்ஸில் உள்ள எப்வேல் ஊரும் அப்படித்தான். அங்கிருந்த பிரமாண்ட இரும்பாலை 2002-ல் மூடப்பட்டது. ஐரோப்பிய யூனியன் நிதியில் சாலை, கல்லூரி எல்லாம் வந்தன. போர்டும் வைத்திருந்தார்கள். அந்தப் பகுதியில் 62 சதவிகிதம் பேர் 'வெளியேறு' என்றார்கள். வேல்ஸிலேயே அதுதான் அதிகம். போர்டு இருந்தது, ஆலை இல்லை.

நாட்டிலேயே அதிகமாக 75.6 சதவிகிதம் 'வெளியேறு' விழுந்த ஊர் பாஸ்டன். அமெரிக்க பாஸ்டன் இல்லை, இங்கிலாந்தின் லிங்கன்ஷையரில் இருப்பது. முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் விளைகிற பூமி. 2004-ல் போலந்து, லிதுவேனியா போன்ற நாடுகள் யூனியனில் சேர்ந்த பிறகு, அறுவடை வேலைக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். சின்ன ஊர். வீட்டு வாடகை ஏறியது, டாக்டரைப் பார்க்க வரிசை நீண்டது. வந்தவர்கள் மீது தப்பில்லை, உழைக்கத்தான் வந்தார்கள். பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் அதற்கேற்பப் பெரிதாக்காத அரசைக் கேட்டிருக்க வேண்டும். கேட்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது, அது இந்த வாக்குச்சீட்டாக இருந்துவிட்டது.

சிலர் ஏமாந்தார்கள் என்பதும் உண்மைதான். 'ஐரோப்பாவுக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம், அதை நம் அரசு மருத்துவமனைகளுக்குக் கொடுப்போம்' என்று சிவப்புப் பேருந்தில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். இந்தக் கணக்கு தவறான எண்ணத்தைத் தருகிறது என்று நாட்டின் புள்ளிவிவர ஆணையமே பிரசாரத்தின்போது சொன்னது. முடிவு வந்த அன்று காலை டி.வி பேட்டியில் ஃபராஜிடம், 'அந்தப் பணம் மருத்துவமனைக்குப் போகுமா?' என்று கேட்டார்கள். தன்னால் உறுதி தர முடியாது, அந்த விளம்பரமே தவறு என்றார். (அந்தப் பேருந்தை விட்டது அவருடைய அணி இல்லை, இன்னோர் அணி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) விடிந்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது!

ஒரே வீட்டுக்குள் இரண்டு ஓட்டு

தேர்தல் வந்தால் நம் வீடுகளில் அப்பா ஒரு கட்சி, மாமா ஒரு கட்சி என்று பேச்சு சூடாகும். பந்தியில் உட்கார்ந்தால் சரியாகிவிடும். பிரெக்ஸிட்டில் அது வயதை ஒட்டிப் பிளந்தது. அன்று மைக்கேல் ஆஷ்கிராஃப்ட் நடத்திய கருத்துக்கணிப்பில், 18 முதல் 24 வயதுக்காரர்களில் 73 சதவிகிதம் பேர் 'நீடிக்கணும்'. 65 தாண்டியவர்களில் 60 சதவிகிதம் பேர் 'வெளியேறணும்'. பேரன் ஒருபக்கம், தாத்தா மறுபக்கம். 'இந்த முடிவோடு நாங்கள்தான் 60 வருடம் வாழப்போகிறோம்' என்று இளைஞர்கள் பொங்கினார்கள். 'இந்த நாட்டைக் கட்டினது நாங்க' என்று பெரியவர்கள் பதில் கொடுத்தார்கள்.

இதற்குப் பெரிய உதாரணம், 'வெளியேறு' அணியின் நட்சத்திரமும் பின்னாளில் பிரதமருமான போரிஸ் ஜான்சனின் வீடு. அவருடைய அப்பா ஸ்டான்லி, தங்கை ரேச்சல், தம்பி ஜோ மூவருமே 'நீடிக்கணும்' பக்கம். அண்ணன் பிரதமரானதும் அமைச்சராக இருந்த ஜோ, 2019 செப்டம்பரில் ராஜினாமா செய்தார். குடும்பத்துக்கும் தேச நலனுக்கும் இடையே தவிப்பதாக வெளிப்படையாகவே சொன்னார். அப்பா ஸ்டான்லி இன்னும் ஒருபடி மேலே போய், தன் அம்மா பிரான்ஸில் பிறந்தவர் என்பதைக் காட்டி, பிரெஞ்சுக் குடியுரிமையே வாங்கிவிட்டார்!

பிரதமரின் அப்பாவுக்கு மட்டுமா அந்த யோசனை? முடிவு வந்த சில நாள்களிலேயே அயர்லாந்து பாஸ்போர்ட் கேட்டு பிரிட்டன் மக்கள் வரிசையில் நின்றார்கள். வடஅயர்லாந்தின் சில தபால் நிலையங்களில் விண்ணப்பப் படிவமே தீர்ந்துபோனது. 'அவசரப்படாதீர்கள்' என்று அயர்லாந்து வெளியுறவு அமைச்சர் அறிக்கைவிட வேண்டியிருந்தது. ஸ்பெயினை ஒட்டியிருக்கும் ஜிப்ரால்டரில் 19,322 பேர் 'நீடி', வெறும் 823 பேர்தான் 'வெளியேறு'. ஸ்காட்லாந்தில் 62 சதவிகிதம் 'நீடி'. 'எங்களை எங்கள் விருப்பத்துக்கு மாறாக இழுத்துப் போகிறீர்கள்' என்ற ஸ்காட்லாந்தின் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஓட்டு இல்லாதவர்களின் வெள்ளிக்கிழமை

என்னை அதிகம் பாதித்தது இந்தப் பகுதிதான்.

பிரிட்டனில் அப்போது ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த சுமார் 30 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். போலந்து நர்ஸ், ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர், ருமேனியக் கட்டடத் தொழிலாளி. அவர்கள் வாழ்க்கை பற்றிய வாக்கெடுப்பு. அவர்களுக்கு ஓட்டு இல்லை! அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் குடிமக்களுக்கு மட்டும் இருந்தது. இன்னொரு பக்கம், பிரிட்டனை விட்டுப் போய் ஐரோப்பாவில் 15 வருடங்களுக்கு மேல் வாழ்கிற பிரிட்டிஷ்காரர்களுக்கும் ஓட்டு இல்லை. இத்தாலியில் வாழ்ந்த 94 வயது முன்னாள் ராணுவ வீரர் ஒருவர், இரண்டாம் உலகப்போரில் நாட்டுக்காகச் சண்டை போட்டவர், உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார். நடக்கவில்லை.

சரி, யாருக்கு இருந்தது? காமன்வெல்த் நாட்டவர்களுக்கு! பிரிட்டனில் முறைப்படி வசிக்கும் இந்திய பாஸ்போர்ட்காரரும் இலங்கை பாஸ்போர்ட்காரரும் அங்கே ஓட்டுப் போடலாம். அதாவது, அதற்கு முந்தைய வருடம் சென்னையிலிருந்து லண்டனுக்கு வேலைக்குப் போனவர் அந்த வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டிருக்க முடியும். 20 வருடங்களாக அங்கேயே வாழ்ந்து வரி கட்டிய பிரெஞ்சுக்காரர் போட்டிருக்க முடியாது. பேரரசின் பழைய கணக்கு இப்படி எங்கெங்கோ எட்டிப் பார்க்கிறது.

நம்மவர்கள் எந்தப் பக்கம் போட்டார்கள்? வாக்குச்சீட்டில் பெயர் எழுதியிருக்காது. ஆனால், ஆஷ்கிராஃப்ட் கணிப்பில் ஆசிய வம்சாவளியினரில் மூன்றில் இரண்டு பங்கு 'நீடி' என்றவர்கள். மீதி ஒரு பங்கு 'வெளியேறு' என்றதற்கும் ஒரு காரணம் இருந்தது. 'போலந்துக்காரர் விசா இல்லாமல் வரலாம், என் அக்கா மகன் சமையல் வேலைக்கு வர ஆயிரம் கட்டுப்பாடா?' இந்த ஆதங்கத்தை அமைச்சர் பிரீத்தி பட்டேல் பிரசாரமாகவே ஆக்கினார். வெளியேறினால் தெற்காசியாவிலிருந்து சமையல்காரர்களைக் கொண்டுவருவது எளிதாகும், மூடிக்கொண்டிருக்கும் கறி உணவகங்களைக் காப்பாற்றலாம் என்றார். பெரும்பாலும் வங்கதேசத்தவர்கள் நடத்தும் அந்த உணவகக்காரர்களில் பலர் நம்பினார்கள். பின்னர், சொன்னது நடக்கவில்லை என்று அவர்களே வெளிப்படையாகப் புலம்பினார்கள்.

ஓட்டு இல்லாதவர்களுக்கு அந்த வார இறுதி வேறு மாதிரி விடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, லண்டன் ஹேமர்ஸ்மித்தில் உள்ள போலந்து கலாசார மையத்தின் வாசலில் வெறுப்பு வாசகம் எழுதப்பட்டிருந்தது. ஹண்டிங்டன் என்ற ஊரில் போலந்துக் குடும்பங்களை இழிவுபடுத்தும் அட்டைகள் வீசப்பட்டன. ஜூன் 23 முதல் 26 வரை நான்கு நாள்களில் காவல்துறையின் இணையதளத்துக்கு வந்த வெறுப்புக் குற்றப் புகார்கள் 85. ஒரு மாதத்துக்கு முன்பு அதே நான்கு நாள்களில் 54. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால், வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்புதான், நீடிக்க வேண்டும் என்று பிரசாரம் செய்த 41 வயது எம்.பி ஜோ காக்ஸ், இரண்டு குழந்தைகளின் அம்மா, தன் தொகுதியிலேயே பட்டப்பகலில் கொல்லப்பட்டிருந்தார். அந்தப் பின்னணியில், பேருந்தில் தன் தாய்மொழியில் போன் பேசவே பலர் தயங்கினார்கள்.

அதே ஹேமர்ஸ்மித் மையத்துக்கு அடுத்தடுத்த நாள்களில் பூங்கொத்துகளும் கடிதங்களும் வந்து குவிந்தன. அக்கம்பக்கத்து பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்து வைத்தவை. 'என்னோடு நீங்கள் பாதுகாப்பாக இருக்கலாம்' என்பதற்கு அடையாளமாகச் சட்டையில் ஊக்கு குத்திக்கொண்டு வேலைக்குப் போனார்கள் சிலர். அதில் 'வெளியேறு' என்று ஓட்டுப் போட்டவர்களும் இருந்திருக்கலாம். 1.74 கோடி பேரை ஒரே சுவர் எழுத்தில் அடைத்துவிட முடியுமா என்ன?

அப்புறம் என்ன ஆனது?

சத்தத்துக்குக் குறைவே இல்லை. ஜூலை 2-ம் தேதி லண்டனில் பல்லாயிரம் பேர் பேரணி. 2018 அக்டோபரில் நடந்த பேரணிக்கு ஏழு லட்சம் பேர் வந்தார்கள் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். 2019 மார்ச்சில் 'வெளியேறுவதையே ரத்து செய்' என்ற மனுவில் 60 லட்சத்துக்கு மேல் கையெழுத்து. அந்த இணையதளத்தின் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். 'அவ்வளவுதான், மக்கள் மனம் மாறிவிட்டார்கள்' என்று எழுதினார்கள். அதே வருடம் டிசம்பரில் தேர்தல். 'பிரெக்ஸிட்டை முடித்துவைப்போம்' என்று கேட்ட போரிஸ் ஜான்சன் 80 இடங்கள் பெரும்பான்மையோடு ஜெயித்தார். அவர் கட்சி வாங்கிய ஓட்டு 43.6 சதவிகிதம்தான் என்பது வேறு கதை. தொழிற்கட்சிக்கே காலங்காலமாக ஓட்டுப் போட்ட வடக்கத்தித் தொழில் நகரங்கள் பலவும் இந்த முறை அவருக்குப் போட்டன. அவர்களில் பலர் எந்த மனுவிலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

2020 ஜனவரி 29-ம் தேதி பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய நாடாளுமன்றம் பிரிவு ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்ததும், உறுப்பினர்கள் கைகோத்து நின்று ஸ்காட்லாந்தின் பழைய விடைபெறும் பாடலைப் பாடினார்கள். பலர் கண்ணில் நீர். அதே அவையில் ஃபராஜ் அணியினர் குட்டி பிரிட்டன் கொடிகளை ஆட்டிவிட்டு வெளியேறினார்கள். ஜனவரி 31 இரவு 11 மணிக்கு லண்டனில் நாடாளுமன்ற வாசலில் கொண்டாட்டம். பழுதுபார்ப்பு நடந்ததால் பிக்பென் மணி அடிக்கவில்லை. அடிக்கவைக்க மக்கள் லட்சக்கணக்கில் பணமெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். கடைசியில் பதிவுசெய்த மணியோசையை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கொண்டாடினார்கள்.

'பழைய நீலநிற பாஸ்போர்ட் திரும்ப வேண்டும்' என்று கேட்டவர்களுக்கு அது வந்தது. தயாரிக்கும் ஒப்பந்தம் பிரெஞ்சு-டச்சுக் கம்பெனிக்கு, அச்சானது போலந்தில்!

குடியேற்றம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். வாக்கெடுப்புக்கு முன்பு வெளியான கணக்கில், 2015-ம் வருடத்துக்கான நிகர குடியேற்றம் 3.33 லட்சம். ஐரோப்பியர்கள் வருவது குறைந்தது; ஆனால், மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் ஆள் வேண்டுமே? கதவு வேறு பக்கம் திறந்தது. இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் நர்ஸ்களும் பராமரிப்புப் பணியாளர்களும் மாணவர்களும் போனார்கள். 2023-ல் அந்த எண்ணிக்கை 9 லட்சத்தைத் தாண்டியது. நம் ஊர்களில் 'யு.கே கேர் விசா' போர்டுகள் முளைத்தது இதனால்தான். அதன்பின் விதிகளை இறுக்கினார்கள், எண்ணிக்கையும் இறங்கியது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளர்களைப் புதிதாக எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டிவிட்டுக் காத்திருந்த குடும்பங்களின் ரியாக்‌ஷன் எந்தக் கணக்கிலும் வராது.

இப்போது கேட்டால் என்ன சொல்கிறார்கள்? 2025 ஜனவரியில் 'யூகவ்' நிறுவனம் எடுத்த கணிப்பில், வெளியேறியது சரி என்றவர்கள் 30 சதவிகிதம். தவறு என்றவர்கள் 55 சதவிகிதம். சண்டர்லேண்ட் தாத்தா ஓட்டை மாற்றிவிட்டார் என்று உடனே சொல்லிவிட முடியாது. இந்த இடைவெளியில் பல தாத்தாக்கள் இறந்துவிட்டார்கள், அன்று பள்ளியில் இருந்த பேரன்கள் வாக்காளர் ஆகிவிட்டார்கள். மனம் மாறியவர்களும் இருக்கிறார்கள்.

2015 நவம்பரில், வாக்கெடுப்பில் 16, 17 வயதுக்காரர்களுக்கும் ஓட்டுரிமை தர வேண்டும் என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்மானித்தது. அதற்கு முந்தைய வருடம் ஸ்காட்லாந்து தனிநாடு வாக்கெடுப்பில் அந்த வயதினர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். டிசம்பரில் மக்கள் சபை அதை நிராகரித்துவிட்டது. 2025 ஜூலையில், இனி பொதுத்தேர்தலிலேயே 16 வயதில் ஓட்டுப் போடலாம் என்று சட்டம் கொண்டுவரப்போவதாக அரசு அறிவித்தது. 2016-ல் ஓட்டுக் கேட்டுக் கிடைக்காமல் போன அந்தப் பிள்ளைகளுக்கு அப்போது வயது 25, 26. ஏறக்குறைய என் வயது.